நிலநடுக்க இயந்திரத்தின் முதல் பெயர்

நிகோலா டெஸ்லாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் ‘நிலநடுக்க இயந்திரம்’ வந்துவிடும். சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவி, அதைத் தூணில் மாட்டியதும் கிடுகிடுத்த கட்டடம், ஓடிவந்த போலீஸார், ஓங்கிய சுத்தியல் என்று கதை நீளும். இந்தக் கதையில் பொருள் ஒன்று, அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் வேறொன்று. பொருளைச் செய்தவர் அதற்கு என்ன பெயர் வைத்தார், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போனது என்று பின்தொடர்ந்தால், அந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதும் கூடவே தெரிய வரும்.

அதன் பிறப்புச் சான்றிதழ்கள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் இரண்டு ஆவணங்கள். இரண்டுக்கும் டெஸ்லா விண்ணப்பித்தது 1893 ஆகஸ்ட் 19. ஒன்று 1894 ஜனவரி 2-இல் கிடைத்த 511,916 எண் காப்புரிமை. தலைப்பு ‘எலக்ட்ரிக் ஜெனரேட்டர்’. மற்றது 1894 பிப்ரவரி 6-இல் கிடைத்த 514,169. தலைப்பு ‘ரெசிப்ரோகேட்டிங் என்ஜின்’, அதாவது முன்னும் பின்னும் இயங்கும் எந்திரம். இரண்டு தலைப்பிலும் நிலமும் இல்லை, நடுக்கமும் இல்லை. மின்சாரம் எடுக்கும் கருவி என்று ஒன்று சொல்கிறது. அதை ஓட்டும் நீராவி எந்திரம் என்று மற்றது சொல்கிறது.

ஏன் இப்படி ஒரு எந்திரம் வேண்டியிருந்தது? அந்தக் காலத்து மின்நிலையங்களில் நீராவி எந்திரத்தின் பிஸ்டன் கிராங்கைச் சுற்றும், கிராங்க் பெரிய ஃபிளைவீலைச் சுற்றும், அதிலிருந்து பெல்ட் போய் டைனமோவைச் சுற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் உராய்வில் ஆற்றல் வீணாகும். அதைவிடப் பெரிய குறை வேகம். சுமை கூடினால் எந்திரம் தளரும், குறைந்தால் விரையும். கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஆனால் வேகம் மாறிய பிறகுதான் கவர்னருக்கே தகவல் போகும். மாறுமின்சாரத்தில் எந்திரத்தின் வேகம்தான் மின்சாரத்தின் அதிர்வெண். வேகம் தள்ளாடினால் அதிர்வெண்ணும் தள்ளாடும். உயர் அதிர்வெண் மின்சாரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டெஸ்லாவுக்குச் சிறிதும் பிசகாத அதிர்வெண் தேவைப்பட்டது.

அவர் கிராங்கையும் ஃபிளைவீலையும் பெல்ட்டையும் ஒட்டுமொத்தமாகக் கழற்றி எறிந்தார். எஞ்சியது ஒரு சிலிண்டரும் அதற்குள் ஓடும் பிஸ்டனும். நீராவியோ அழுத்தப்பட்ட காற்றோ பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளும். பிஸ்டன் தண்டின் நீட்சி, மூடிய அறை ஒன்றில் அடைபட்ட காற்றை அழுத்தும். அழுந்திய காற்று ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். பிஸ்டன் திரும்பி ஓடும். மறுமுனையிலும் இதே கதை நடக்கும். சிலிண்டரின் துளைகளைப் பிஸ்டனே தன் ஓட்டத்தில் திறந்து மூடிக்கொள்வதால் தனி வால்வு அமைப்பும் தேவையில்லை.

இந்த அமைப்பின் உயிர் அந்தக் காற்று ஸ்பிரிங்கில் இருக்கிறது. பிஸ்டன் ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஸ்பிரிங்கின் விறைப்பும் அசையும் பாகங்களின் நிறையும் முடிவு செய்கின்றன. நீராவியின் அழுத்தம் கூடினால் பிஸ்டன் ஓடும் தூரம் கூடும். போய்வரும் நேரம் ஏறக்குறைய மாறாது. அந்தத் தண்டிலேயே கம்பிச்சுருளைக் கட்டி வலிய காந்தப்புலத்துக்குள் முன்னும் பின்னும் ஓடவிட்டால் மாறுமின்சாரம் கிடைக்கும். டெஸ்லா இன்னும் ஒரு படி போனார். அந்த மின்சுற்றில் கண்டென்சரும் சுருளும் சேர்த்து, மின்சுற்றுக்கே உரிய அலைவு நேரத்தையும் பிஸ்டனின் நேரத்தோடு பொருத்திவைத்தார். காற்றும் இரும்பும் மின்சாரமும் ஒரே தாளத்தில் ஓடும்போது ஒன்று வழுவப் பார்த்தால் மற்ற இரண்டும் பிடித்து இழுக்கும். எனக்குத் தெரிந்தவரை, ஒத்ததிர்வை விபத்தாகவோ வேடிக்கையாகவோ பார்க்காமல், ஒழுங்கைக் காக்கும் காவலாக வைத்து முழு எந்திரத்தையே கட்டிய முதல் சில முயற்சிகளுள் இது ஒன்று.

விண்ணப்பம் போட்ட ஆறாம் நாள், 1893 ஆகஸ்ட் 25-இல், சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வதேச மின்னியல் மாநாட்டில் டெஸ்லா பேசினார். அந்தக் கண்காட்சியின் விளக்குகள் அவருடைய மாறுமின்சார முறையைக் கைக்கொண்ட வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் எரியவைத்தவை. உரையின் தலைப்பு ‘மெக்கானிக்கல் அண்டு எலக்ட்ரிக்கல் ஆசிலேட்டர்ஸ்’. காப்புரிமைத் தலைப்புகளில் இல்லாத ‘ஆசிலேட்டர்’ இங்கேதான் பெயராக வந்து நிற்கிறது. இயந்திர வகை, மின் வகை இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அவர் அடக்கினார். அந்தத் தலைப்பிலேயே அவருடைய கருத்து முழுவதும் இருக்கிறது.

அந்தச் சொல் அவருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது நீண்ட கதை. லத்தீனில் ‘ஓஸ்’ என்றால் வாய், முகம். அதன் சிறுமை வடிவம் ‘ஓசில்லும்’, சின்ன முகம். ரோமானிய உழவர்கள் திராட்சைக் கடவுளான பாக்கஸின் விழாவில் சிறு முகமூடிகளை மரக்கிளைகளில் தொங்கவிடுவார்கள். காற்றில் அவை அங்குமிங்கும் ஆடும். வெர்ஜில் தம் வேளாண் காவியமான ‘ஜியார்ஜிக்ஸ்’ இரண்டாம் பாகத்தில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஊஞ்சலுக்கும் லத்தீனில் ‘ஓசில்லும்’ என்றே பெயர் உண்டு. ‘ஓசில்லாரே’, ஆடுதல், என்ற வினை முகமூடியிலிருந்து வந்ததா ஊஞ்சலிலிருந்து வந்ததா, இரண்டு ஓசில்லுமும் ஒன்றுதானா என்பதில் லத்தீன் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எப்படியானாலும் ஒன்று உறுதி: தொங்கிக்கொண்டு ஆடுவது, போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவது என்பதுதான் சொல்லின் கரு. வேர்ச்சொல்லில் இடிபாடு இல்லை. விழாக்கால ஆட்டம்தான் இருக்கிறது.

தோட்டத்துச் சொல்லை அறிவியலுக்குள் நிலையாக உட்காரவைத்தவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய அவர் 1673-இல் பாரிஸில் வெளியிட்ட நூலின் பெயர் ‘ஹோரோலோகியம் ஓசில்லடோரியம்’, ஆடும் கடிகாரம். ஊசல் எவ்வளவு அகலமாக ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நூலின் மையக் கேள்வி. அதே கேள்வியைத்தான் 220 ஆண்டுகள் கழித்து டெஸ்லா நீராவியை வைத்துக்கொண்டு கேட்டார். ஹைகன்ஸுக்குப் புவியீர்ப்பு செய்த வேலையை டெஸ்லாவுக்கு அடைபட்ட காற்று செய்தது. ஆகவே அவர் தம் எந்திரத்துக்கு இந்தப் பெயரை எடுத்தது பொருத்தத்திலும் பொருத்தம்.

இடையில் சொல் இன்னொரு துறைக்கும் போயிருந்தது. கண்டென்சரில் தேங்கிய மின்னூட்டம் சுருள் வழியே வெளியேறும்போது ஒரேயடியாக வடிந்துவிடாமல் முன்னும் பின்னும் பாய்ந்து பாய்ந்து அடங்கக்கூடும் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1853-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களின் பிற்பாதியில் பொறி பறக்கும் தம் கருவியால் மின்காந்த அலைகளை எழுப்பிக் காட்டியபோது, அந்தக் கருவியை ஆங்கிலம் பேசும் ஆய்வாளர்கள் ஹெர்ட்ஸின் ஆசிலேட்டர் என்றே அழைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்து ஆடும் ஊசலிலிருந்து, கண்ணுக்குத் தெரியாமல் ஆடும் மின்சாரத்துக்குச் சொல் தாவிவிட்டது. சிகாகோ உரைத் தலைப்பில் டெஸ்லா ‘மெக்கானிக்கல்’ என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆட்டத்துக்கு ஒரு சொல் என்றால், ஆட்டம் பெருகுவதற்கு இன்னொரு சொல் வேண்டும். ‘ரெசொனன்ஸ்’ லத்தீனின் ‘ரெசொனாரே’யிலிருந்து வந்தது, மறுபடி ஒலித்தல், எதிரொலித்தல் என்று பொருள். செய்தி பழையது. பெரிய மணியை ஒரே ஆள் தாளம் தவறாத சிறு சிறு இழுப்புகளால் ஆட்டிவிட முடியும் என்றும், அதைப் பிடித்து நிறுத்தப் போனால் பலரை அது தூக்கிவிடும் என்றும் கலிலியோ தம் 1638-ஆம் ஆண்டு நூலில் விளக்கியிருக்கிறார். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இசையொலி பற்றி எழுதிய பெருநூலில், குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் எதிர்முழங்கும் குடுவைகளைக் கொண்டு ஒலியைப் பகுத்தார். மின்துறைக்கு ஒலித்துறைச் சொல் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ஆலிவர் லாட்ஜ் கிரேக்க வேரிலிருந்து ‘சின்டனி’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். 1897-இல் அவர் விண்ணப்பித்த கம்பியில்லாத் தந்திக் காப்புரிமையின் அடிப்படையும் அதுவே. சொல் நிலைக்கவில்லை. வானொலிக்காரர்கள் ‘டியூனிங்’ என்றார்கள். மற்றவர்கள் ரெசொனன்ஸிலேயே நின்றார்கள்.

தமிழில் நாம் இதை இரண்டு விதமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘ஒத்ததிர்வு’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘பரிவு’ என்கிறது. ஒன்று நிகழ்வை வருணிக்கிறது. மற்றது ஒன்றின் துடிப்புக்கு மற்றொன்று இரங்குவதைச் சொல்கிறது. இரண்டுமே ‘எதிரொலி’ என்ற லத்தீன் வேரைவிட நிகழ்வுக்கு நெருக்கமானவை. ஆசிலேட்டர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் பாடநூல்களின் ‘அலையியற்றி’ மின்னணுச் சுற்றுக்குப் பொருந்தும். அது ஹெர்ட்ஸ் வழி வந்த பொருள். நீராவியில் ஓடும் பிஸ்டனை அலையியற்றி என்று சொன்னால், அது இயற்றும் அலை எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஆசிலேட்டர் என்றே எழுதுகிறேன்.

இனி நிலநடுக்கத்துக்கு வருவோம். டி. சி. மார்ட்டின் என்ற பத்திரிகையாளர் ‘செஞ்சுரி’ மாத இதழின் 1895 ஏப்ரல் பகுதியில் டெஸ்லாவின் ஆசிலேட்டரைப் பற்றி விரிவாக எழுதினார். தலைப்பிலேயே ஆசிலேட்டர் இருந்தது. அந்த இதழுக்குச் சற்று முன், மார்ச் 13 விடியற்காலையில், டெஸ்லாவின் தெற்கு ஐந்தாம் அவென்யூ ஆய்வுக்கூடம் எரிந்து சாம்பலாகியிருந்தது. பிறகு அவர் கிழக்கு ஹூஸ்டன் தெருவில் புதுக் கூடம் அமைத்தார். கதைகள் எல்லாம் இந்தக் கூடத்துக் காலத்தைப் பற்றியவை. ஆனால் அவை அச்சேறியது மிகவும் பிந்தி.

1912-இல் வெளிவந்த ஓர் இதழ் நேர்காணலில் டெஸ்லா சொன்ன கதை இது: வால் ஸ்ட்ரீட் பகுதியில் செங்கல் வைக்கப்படாமல் எஃகுச் சட்டமாகவே நின்ற பத்து மாடிக் கட்டடம் ஒன்றில், அலாரம் கடிகாரம் அளவுள்ள அதிர்வுக் கருவியை மாட்டினார், சட்டம் கிரீச்சிட்டு ஆடியது, தொழிலாளர்கள் நிலநடுக்கம் என்று பயந்து கீழே இறங்கினார்கள், அவர் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1935 ஜூலையில் தம் 79-ஆவது பிறந்தநாளையொட்டி நிருபர்களிடம் பேசியபோது, இடம் அவருடைய ஆய்வுக்கூடமாக இருக்கிறது. கனத்த எந்திரங்கள் தாமே நகர்கின்றன. அவர் சுத்தியலால் கருவியை உடைக்கிறார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே இப்படி வீழ்த்த முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். 1944-இல் ஜான் ஓ’நீல் எழுதிய வாழ்க்கை வரலாறு சுத்தியல் கதையை நிலைநிறுத்திவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரின் பயணம் தெளிவாகிறது. 1912-இல் ‘நிலநடுக்கம்’ என்பது பயந்துபோன தொழிலாளர்களின் எண்ணம். 1935-இல் அது கருவியின் வேலையாகவே ஆகிவிட்டது. கருவி கழற்றிப் பையில் போடப்பட்டதா, சுத்தியலால் நொறுக்கப்பட்டதா என்பதிலும் இரு கதைகளும் ஒத்துப்போகவில்லை. டெஸ்லா பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கருவி அருகில் இருந்த தூண்களும் மேசைகளும் அதிர்ந்திருக்கும், அதில் ஐயமில்லை. வயதான ஒரு மேதை, பணமும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் ஓட்டல் அறையில் வாழ்ந்தவர், ஆண்டுக்கு ஒருமுறை தன்னைத் தேடிவரும் நிருபர்களுக்குச் சொன்ன கதை வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. செய்தித்தாளுக்குத் தேவைப்பட்டது பிசகாத அதிர்வெண் அல்ல, இடியும் கட்டடம்.

கட்டடம் இடியுமா? தாளம் தவறாமல் தள்ளினால் ஆட்டம் எல்லையின்றி வளரும் என்ற நம்பிக்கைதான் கதைக்கு அடித்தளம். ஊஞ்சலில் குழந்தையைத் தள்ளுகிறவருக்கு உண்மை தெரியும்: ஓர் அளவுக்கு மேல், ஒவ்வொரு தள்ளலும் காற்றிலும் கயிற்றிலும் இழக்கிற ஆற்றலை ஈடுகட்டத்தான் சரியாக இருக்கும். இந்த இழப்பைத் தணிப்பு என்கிறோம். கட்டடத்தின் தணிப்பு 2 சதவீதம் என்று கொண்டால், ஒத்ததிர்வில் ஆட்டம் அதே விசை அசையாமல் தள்ளும்போது ஏற்படும் விலகலைப்போல் 25 மடங்கு ஆகும். அதற்கு மேல் ஏறாது. சட்டத்தை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தக்கூடிய சிறு கருவி, தாளம் சரியாகப் பொருந்தினாலும் நாற்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் ஆட்டும். ஆளுக்கு உணரத் தெரியும், கட்டடத்துக்கு வலிக்காது. சுவரும் தளமும் இல்லாத வெறும் எஃகுச் சட்டத்தில் தணிப்பு இன்னும் குறைவு. ஆகவே 1912-இன் கதை 1935-இன் கதையைவிட இயற்பியலுக்கு நெருக்கமானது. 2006-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு பழைய இரும்புப் பாலம் ஒன்றில் இதைச் செய்து பார்த்தது. அதிர்வு தூரம்வரை உணரப்பட்டது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதனால் ஒத்ததிர்வு தீங்கற்றது என்று ஆகிவிடாது. தள்ளுகிற விசை பெரிதாக இருந்து தாளமும் பொருந்திவிட்டால் நடப்பது வேறு. மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலத்தில் 1831 ஏப்ரல் 12-இல் 74 வீரர்கள் அடியொத்து நடந்து வந்தார்கள். பாலம் தங்கள் நடைக்கு ஏற்ப ஆடுவதைக் கண்டு சிலர் சீழ்க்கையடித்து இன்னும் உற்சாகமாக நடந்தார்கள். மோசமாகச் செய்யப்பட்டிருந்த ஓர் இரும்பு ஆணி முறிந்து ஒரு மூலை சரிந்தது. சுமார் 40 பேர் ஆற்றில் விழுந்தார்கள், யாரும் சாகவில்லை. பாலத்தில் அடியை ஒத்துப் போடக் கூடாது என்று பிரிட்டிஷ் படை ஆணையிட்டது அதற்குப் பிறகு. உண்மையான நிலநடுக்கத்தில் ஒத்ததிர்வு என்ன செய்யும் என்பதை 1985 செப்டம்பர் 19 காட்டியது. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் நேர்ந்த நிலநடுக்கம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தலைநகரைத் தாக்கியது. நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் களிமண் மேல் இருக்கிறது. வந்த அலைகளில் சுமார் 2 நொடிக்கு ஒருமுறை ஆடும் பகுதியை அந்தக் களிமண் பெருக்கியது. அந்தத் தாளத்தோடு பொருந்திய நடுத்தர உயரக் கட்டடங்கள், ஏறத்தாழ 6 முதல் 15 மாடி வரை உள்ளவை, மிகுதியாக நொறுங்கின. தாழ்ந்த வீடுகள் பலவும் மிக உயர்ந்த கோபுரங்களும் தப்பின. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த அழிவுக்கு உரிய பெயரை மேசை மேல் வைக்கும் ஒரு கருவிக்குச் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டெஸ்லாவே பிற்காலத்தில் வேறொரு பெயர் வைத்தார்: ‘டெலிஜியோடைனமிக்ஸ்’. தொலை, நிலம், விசை என்ற மூன்று கிரேக்க வேர்களைச் சேர்த்த கூட்டுச்சொல். பூமி வழியாக அதிர்வை அனுப்பிச் செய்தி சொல்லலாம், நிலத்தடிக் கனிமங்கள் இருக்குமிடம் அறியலாம் என்று அவர் கருதினார். பெயர் அவரோடு போயிற்று. ஆனால் 1950-களில் அமெரிக்காவில் எண்ணெய் தேடும் நிறுவனம் ஒன்று கனத்த லாரிகளிலிருந்து கட்டுப்பாடான அதிர்வை நிலத்துக்குள் செலுத்தி, திரும்பி வரும் அலைகளைப் படிக்கும் முறையை வளர்த்தது. அதன் பெயர் ‘வைப்ரோசைஸ்’. அதில் கிரேக்கத்தின் ‘செய்ஸ்மோஸ்’ இருக்கிறது. குலுக்கம், நிலநடுக்கம் என்று பொருள். டெஸ்லாவின் கருவிக்கு ஒவ்வாமல் ஒட்டவைக்கப்பட்ட சொல், வேறொரு கருவியின் பெயருக்குள் நேர்மையாக இடம்பிடித்துக்கொண்டது.

ஆசிலேட்டர் மின்நிலையத்துக்குள் நுழையவே முடியவில்லை. சார்லஸ் பார்சன்ஸ் 1884-இல் உருவாக்கிய நீராவி டர்பைன், முன்னும் பின்னும் ஓடாமல் சுழன்றே பெரும் மின்சாரம் தந்தது. ஒரு சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனால் அந்த அளவை எட்ட முடியாது. பெயர் மட்டும் மின்னணுவியல் பக்கம் போய்விட்டது. 1920-களின் தொடக்கத்தில் வால்டர் கேடி குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு மின் அலைவுகளை நிலைப்படுத்தினார். அதன் வழித்தோன்றல் கைக்கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அங்கே ஆசிலேட்டர் என்றால் யாரும் பிஸ்டனை நினைப்பதில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு திடப்பொருள் தன் விறைப்பாலும் நிறையாலும் தாளம் காத்து, மின்சுற்றையும் அந்தத் தாளத்துக்குள் வைத்திருக்கிறது. 1893-இல் விண்ணப்பித்த காப்புரிமையில் இருக்கும் கருத்து அதேதான்.

பெயர் அந்தப் பக்கம் போக, பொருள் வேறு பெயர்களில் இந்தப் பக்கம் திரும்பி வந்தது. 1960-களில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் பீல், கிராங்க் இல்லாத ஸ்டர்லிங் எந்திரத்தை உருவாக்கினார். பிஸ்டன் அடைபட்ட வாயுவின் மேல் தானே ஆடும். அதன் தண்டில் காந்தத்தைக் கட்டிச் சுருளுக்குள் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கும் பகுதிக்கு ‘லீனியர் ஆல்டர்னேட்டர்’ என்று பெயர். 2018 மார்ச்சில் நெவாடா சோதனைத் தளத்தில், விண்வெளிப் பயணத்துக்காக அமைத்த சிறு அணு உலையின் வெப்பத்தை மின்சாரமாக்கியவை இந்த வகை எந்திரங்கள்தாம். இதையே தலைகீழாக ஓட்டினால், அதாவது மின்சாரம் கொடுத்து ஸ்பிரிங்கில் பிஸ்டனை அதன் இயல்பான தாளத்தில் ஆட்டினால், வாயுவை அழுத்தலாம். குளிர்சாதனப் பெட்டிக் கடைகளில் ‘லீனியர் கம்ப்ரஸர்’ என்று எழுதி விற்கிறார்கள் அல்லவா, அது இதுதான்.